கமராவுக்கு எதிர்ப்பக்கம்

இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், ஒரு குளிர்காலம் முழுவதும் நான் ஹொக்கி ரசிகனாக இருந்தேன். ஆசைப்பட்டுப் போன ரசிகன் அல்ல, இடம் நிரப்பக் கூட்டிக்கொண்டு போன ரசிகன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நடந்தது. இன்றைக்கும் யாராவது என்னிடம் விளையாட்டைப் பற்றிக் கதை எடுத்தால் நான் எழும்பித் தேத்தண்ணீர் போடப் போய்விடுவேன்.

அந்த ஊரில் விளையாட்டு என்றால் உதைபந்தாட்டம்தான். மீன் வெட்டுகிறவனும் அதைத்தான் கதைப்பான், பாதிரியாரும் அதைத்தான் கதைப்பார். ஹொக்கி என்று ஒன்று நடப்பதே பாதிச் சனத்துக்குத் தெரியாது. அதுவும் இலங்கையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் புல்லில் ஆடுகிற ஹொக்கி அல்ல. காலில் சில்லுப் பூட்டிய சப்பாத்தைக் கட்டிக்கொண்டு, மூடிய மண்டபத்துக்குள், வழுக்குகிற தரையில், வளைந்த தடியால் கல்லுப் போன்ற ஒரு பந்தை அடித்துக்கொண்டு ஓடுவது. சம்பளம் வாங்கி ஆடுகிறவர்கள்தான், ஆனால் பார்க்க ஆள் இல்லை. எங்கள் பங்குக் கோவிலுக்கு வருகிற மன்னார்க்காரர் ஒருவர் பள்ளிக் காலத்தில் ஹொக்கி ஆடியவர். முதல் நாள் பார்த்துவிட்டு, "உந்தத் தடிக்குப் பதிலாத் தும்புத்தடியைக் குடுத்தா மண்டபத்தையாவது கூட்டி விடுவாங்கள்" என்றார்.

எங்களை அதற்குள் இழுத்துவிட்டவன் சிஞ்ஞோராவின் மகன். சிஞ்ஞோரா என்றால் வேலை கொடுக்கிற வீட்டு அம்மா. இவள் என் மனைவி வீட்டு வேலை செய்த இடத்துக் கிழவி. மகன் ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சியில் வேலை செய்தான். நகரத்தைத் தாண்டினால் படம் புள்ளி புள்ளியாகப் போய்விடும், அவ்வளவு சின்ன நிலையம். அந்த நாட்களில் பலெர்மோவில் அப்படிப் பல இருந்தன. காலையில் தளபாடக் கடை விளம்பரம், மத்தியானம் சாத்திரக்காரி, பின்னேரம் எல்லாரும் பார்த்து முடித்த பழைய படம். உதைபந்தாட்டத்தைப் பெரிய நிலையங்கள் எடுத்துக்கொண்டுவிட்டதால் இவர்களுக்கு ஹொக்கிதான் மிஞ்சியது. சனி பின்னேரம் ஆட்டத்தைப் பதிவுசெய்து, ஞாயிறு மத்தியானம் ஊர் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் இருக்கிற நேரம் போடுவார்கள்.

அவர்களிடம் இருந்தது ஒரு பெரிய கமரா. அதை மண்டபத்தின் ஒரு பக்கத்தில் இரும்புக் குழாய் மேடை கட்டி மேலே ஏற்றி வைத்திருந்தார்கள். அது அங்கிருந்து அசையாது. ஆகவே பந்து எங்கே போனாலும் பின்னால் தெரிவது எதிர்ப்பக்கத்தில் சனம் இருக்கிற படிக் கலரிதான். அந்தக் கலரி வெறுமையாகக் கிடந்தது. வழக்கமாக வருகிற கொஞ்சக் கிழவர்களும் கமராவுக்குக் கீழேதான் குந்தியிருப்பார்கள், ஏனென்றால் கோப்பி விற்கிற கதவு அந்தப் பக்கம். எழும்பி அங்கால் போங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார்களாம். கிழவர்கள் அசையவில்லை. விளம்பரம் கொடுத்த தளபாடக் கடைக்காரன் ரீவியில் பார்த்துவிட்டு, யாருமே போகாத விளையாட்டுக்கு நான் ஏன் காசு கொட்டவேண்டும் என்று சத்தம் போட்டிருக்கிறான்.

அப்போதுதான் சிஞ்ஞோராவின் மகனுக்கு நாங்கள் ஞாபகத்துக்கு வந்தோம். மனைவி அவனுடைய சேட்டுகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று கேட்டானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் நிறைய நிற்கிறீர்களே, அப்படியே சனிக்கிழமையும் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், உள்ளே வர ஒன்றும் தரத் தேவையில்லை, ஹொக்கிக் கழகத்தின் நிறத்தில் கழுத்துச் சால்வையும் தருகிறோம் என்றானாம். உங்கள் சிஞ்ஞோராமாரிடம் சனி பின்னேரம் லீவு வாங்கித் தருவது அம்மாவின் பொறுப்பு என்றும் சொல்லியிருக்கிறான்.

மனைவி வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்குப் பிடிக்கவில்லை.

"இஞ்சரும், நாங்கள் என்ன சோளக்காட்டுப் பொம்மையளே, கொண்டுபோய் நட்டு வைக்க?" என்றேன்.

"சும்மா இருங்கோ. எப்ப பாத்தாலும் ஒரு குறுக்குக் கதை," என்றாள் மனைவி. "பிள்ளை ஆசைப்படுறாள்."

பிள்ளை என்றால் எங்கள் மகள். எட்டு வயது. ஒரேத்தோத் தெருப் பக்கத்துப் பள்ளியில் படித்தாள். அந்த வகுப்பில் எங்கள் நிறத்தில் அவள் ஒருத்திதான். துருக்கிக்காரி என்று கூப்பிட்டார்கள். துருக்கி எங்கே இருக்கிறது என்று கூப்பிட்டவர்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. இடைவேளையில் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை என்பதை அவள் எங்களுக்குச் சொன்னதில்லை. ஆசிரியை ஒருமுறை மனைவியிடம் சொன்னதால் எங்களுக்குத் தெரியவந்தது. நானோ விடியக் கருக்கலில் மாடிக் கட்டடங்களின் படி கழுவப் போய்விடுவேன், மனைவி சிஞ்ஞோராவுக்குக் கோப்பி வைக்கப் போய்விடுவாள். மேல் மாடியில் இருந்த பொம்பிளை ஒருத்திதான் தன் பிள்ளைகளோடு சேர்த்து இவளைக் கொண்டுபோய் விடுவாள். பள்ளி வாசலில் எங்கள் முகத்தைக் கண்டவர்களே இல்லை.

அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அப்பா, ரீவியில வந்தா வகுப்பில எல்லாரும் என்னைப் பாப்பினம்."

அடுத்த சனிக்கிழமை போனோம்.

முதல் நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, சிரித்து முடிய எரிச்சலும் வருகிறது. ரீவியில் வரப்போகிறோம் என்றவுடன் எங்கள் சனம் என்ன செய்தது? பெட்டியைத் திறந்து கூறைச்சீலைகளை எடுத்தது. கலியாணத்துக்குக் கட்டிய காஞ்சிபுரம், அதற்கு மேல் சிஞ்ஞோராமார் கொடுத்த பழைய குளிர்க்கோட்டு, கோட்டுப் பொத்தான் திறந்தபடி, சீலைக்கரை தெரியவேண்டுமே! ஆம்பிளைகள் எல்லாரும் கழுத்தில் ரை கட்டி. மன்னார்க்காரர் தன் கலியாணக் கோட்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு புகுந்திருந்தார். எங்களுக்குத் தெரிந்த கமரா கலியாண வீட்டு வீடியோக் கமரா ஒன்றுதான். அது எங்கள் பக்கம் திரும்பினால் மெல்லுவதை நிறுத்தவேண்டும், நிமிரவேண்டும், சிரிக்காமல் அதையே பார்க்கவேண்டும், அது அடுத்த மேசைக்குப் போகும்வரை அசையக்கூடாது. இந்தக் கமராவோ அடுத்த மேசைக்குப் போகிற கமரா அல்ல. ஆகவே ஆட்டம் முடியும்வரை நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து, சிரிக்காமல், கமராவையே பார்த்துக்கொண்டிருந்தோம். பந்து எங்கே போனது, யார் கோல் அடித்தது, ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த நாள் ரீவியில் பார்த்தோம். முன்னால் வெள்ளைக்காரர் தடியோடு பாய்ந்து ஓடுகிறார்கள், பின்னால் பொம்பிளை மாப்பிள்ளை இல்லாத ஒரு கலியாண மண்டபம். சிஞ்ஞோரா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாளாம். மகன் தலையில் கை வைத்துக்கொண்டு மனைவியிடம் வந்து, பந்தைப் பார்க்கச் சொல்லு, கடவுளே, பந்தைப் பார்க்கச் சொல்லு என்றானாம்.

பிறகு பந்தைப் பார்த்தோம். பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போனது, அதுதான் வினை. மண்டபத்துக் கூரை ஒழுகும், குளிர் எலும்புக்குள் போகும், ஆனால் நாங்கள் சால்வையைச் சுற்றிக்கொண்டு போத்தலில் தேத்தண்ணீரும் ஒரு பெட்டி ரோல்சுமாகப் போய் இருந்துவிடுவோம். கிழமை முழுக்கப் பிறருடைய வீட்டில் பூனை நடை நடக்கிற சனத்துக்குத் தொண்டை கிழியக் கத்த ஓர் இடம் கிடைத்தது. கத்தினால் பாராட்டும் கிடைத்தது. கோல் அடித்தவன் நேராக எங்கள் பக்கம் சறுக்கிக்கொண்டு வந்து தடுப்புப் பலகையில் மோதி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவான். மன்னார்க்காரர் எழும்பி நின்று நடுவரைத் தமிழில் ஏசுவார். நடுவர் திரும்பிப் பார்த்துக் கும்பிடுவார். கமராப் பக்கத்துக் கிழவர்களில் ஒருவர் ஒருநாள் சுற்றி வந்து ஒரு ரோல்ஸ் வாங்கித் தின்று, உறைப்பில் இருமி, இன்னொன்று கேட்டார்.

எங்கள் எல்லாரையும்விட மகளுக்குத்தான் ஆட்டம் முதலில் விளங்கியது. எப்போது தண்டனை அடி, எப்போது ஆளை வெளியே இருத்துவார்கள் என்று அவள்தான் எங்களுக்குச் சொல்லித் தருவாள். "அமுனீ! அமுனீ!" என்று பலெர்மோப் பிள்ளைகள் தெருவில் கத்துகிற மாதிரியே கத்துவாள். வா, போவோம் என்பதற்கு அந்த ஊர் அப்படித்தான் சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எங்கள் பிள்ளை என்று எனக்கே தெரியாது.

அவள் ஆசைப்பட்டதும் நடந்தது. திங்கட்கிழமைகளில் பள்ளியால் வரும்போது முகத்தில் ஒரு வெளிச்சம். "அப்பா, இண்டைக்கு மூண்டு பேர் என்னை ரீவியில கண்டதெண்டு சொன்னவை." பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள். பிறகு ஒரு பிள்ளை, இறைச்சிக்கடைக்காரரின் மகள், தன் இடைவேளைப் பாணில் பாதியைப் பிய்த்து இவளுக்குக் கொடுத்தாள். அந்தப் பாதிப் பாணைப் பற்றி என் மகள் இரவுச் சாப்பாடு முடியும்வரை கதைத்தாள். மனைவி திரும்பிக் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன். நான் ரீவிக்காரனுக்கு மனதுக்குள் நன்றிகூடச் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

கழகம் வெல்லத் தொடங்கியது. ஒன்று, இரண்டு என்று வென்று, கடைசி ஆட்டத்தையும் வென்றால் முதல் பிரிவுக்கு ஏறலாம் என்ற நிலை வந்தது. அந்த ஆட்டம் எங்கள் மண்டபத்தில். திடீரென்று ஊருக்கு ஹொக்கி பிடித்துவிட்டது. கோப்பிக் கடையில் அந்தக் கதை, பேருந்தில் அந்தக் கதை. குளிர்காலம் முழுக்கக் கண்ணில் படாதவர்கள் எல்லாம் நாங்கள் அப்பவே சொன்னோமே என்றார்கள்.

அந்தக் கிழமை சிஞ்ஞோராவின் மகன் மறுபடியும் மனைவி அயன் பண்ணுகிற இடத்துக்கு வந்தான். அவள் வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் குசினி வாசலில் நின்று சொன்னாள்.

"இந்த முறை எங்களைக் கமராவுக்குக் கீழை இருக்கட்டாம்."

"ஏனாம்?"

"பெரிய ஆக்கள் வருகினமாம். நகரசபைக்காரர், தளபாடக் கடைக்காரற்றை குடும்பம், விளையாடுற பெடியளின்ரை வீட்டுக்காரர் எல்லாரும். இது முக்கியமான ஆட்டமாம். பாக்கிறவைக்கு ஊர் ஊர் மாதிரித் தெரியவேணுமாம்."

"நாங்கள் இருந்தா ஊர் எது மாதிரித் தெரியுமாம்?"

"என்னோடை ஏன் பாயுறீங்கள்? அவன் சொன்னதைச் சொல்லுறன்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"நான் என்னத்தைச் சொல்ல? அவன்ரை சேட்டு என்ரை கையில இருந்தது. ஓம் எண்டன்."

ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. கூரை ஒழுகின காலத்தில் எங்கள் முகம் ஊர் முகம். கூட்டம் வந்த பிறகு நாங்கள் கறிவேப்பிலை. அந்தக் கோபத்தில் நான் போகமாட்டேன் என்றேன். ஒருத்தரும் போகக்கூடாது என்றும் சொன்னேன். மன்னார்க்காரர் வேலையால் வரும் வழியில் படியேறி வந்து, "விடு தம்பி. இஞ்சை இருக்கிற பெர்மெஸ்ஸோப் பத்திரம் புதுப்பிக்கிற நேரம் உந்தச் சிஞ்ஞோராமாரின்ரை கையெழுத்துத்தான் வேணும். ரோசம் பாத்து ஆருக்கு லாபம்?" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் இன்னும் கசந்தது.

மகள் அழுதாள். வகுப்பில் பாதிப் பேர் வருகிறார்களாம், என்னைத் தேடுவார்கள், நான் இல்லாவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாள். கமராவுக்குக் கீழே இருந்தால் ரீவியில் தெரியாது என்பதையும் அவளுக்குச் சொல்லவேண்டியிருந்தது. அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?"

"ஒண்டும் விடேல்லை."

"அப்ப ஏன்?"

மனைவி சீப்பை எடுத்து அவளைத் தலை இழுக்கக் கூப்பிட்டாள். கடைசியில் சனிக்கிழமை எல்லாரும் போனோம்.

மண்டப வாசலில் புது மேலங்கி போட்ட ஒருவன் நின்று ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் கேட்காமலே இடக்கைப் பக்கம் காட்டினான். எங்கள் கழுத்தில் இருந்த சால்வை குளிர்காலம் முழுக்கப் போட்டுச் சாயம் போனது, உள்ளே போகிறவர்களின் சால்வை அன்று வாங்கினது. கமராவுக்குக் கீழே அந்தக் கிழவர்களோடு நெருக்கி அடித்துக்கொண்டு இருந்தோம். தலைக்கு மேல் இரும்புக் குழாய் மேடை. பாதி ஆடுகளம் தூணுக்குப் பின்னால். எதிர்ப்பக்கத்தில் எங்கள் படிகளில் குளிர்கண்ணாடியும் நல்ல கோட்டும் போட்ட சனம், எங்கே கைதட்டுவது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மகள் ஒன்றுக்குப் போகவேண்டும் என்றாள். கழிப்பறை கதவுக்கு வெளியே நடைபாதையில்தான், அவளுக்குப் பழக்கமான இடம். போனவள் வரவில்லை. நான் எழும்பிப் போய்ப் பார்த்தேன், நடைபாதையில் இல்லை. கோப்பிக் கதவடியில் கேட்டேன், இல்லை. திரும்பி வந்து நிற்கும்போது மனைவி என் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் காட்டினாள்.

அங்கே இருந்தாள். நாங்கள் வழக்கமாக இருக்கிற படியில், வகுப்புப் பிள்ளைகளின் நடுவில். இறைச்சிக்கடைக்காரரின் மகள் அவளை நடைபாதையில் கண்டு கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். பக்கத்தில் அந்தப் பிள்ளையின் தாய். அத்தனை சனத்தில் ஒரு சின்னக் கறுத்தப் பிள்ளை பெரிதாகத் தெரியவில்லை. ஒருவரும் அவளை எழுப்பவில்லை.

"விடு, நல்ல இடத்திலதானே இருக்கிறாள்," என்றார் மன்னார்க்காரர்.

எனக்குக் கோபமும் வந்தது, உயிரும் வந்தது. இடைவேளை விட்டதும் எழும்பி நின்று, சால்வையைக் கழற்றி அவளுக்கு ஆட்டிக் காட்டினேன். அப்பா இஞ்சை நிக்கிறன், பயப்பிடாதே என்று காட்டத்தான். அவள் என்னைக் கண்டாளா இல்லையா என்று அங்கிருந்து தெரியவில்லை. கண்டிருப்பாள் என்று நினைத்து இருந்துவிட்டேன். கழகம் வென்றது. சனம் களத்துக்குள் பாய்ந்தது. வாசலில் அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டு வந்தவளை ஏச மனம் வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, வுச்சீரியாச் சந்தையில் வாங்கிய நண்டை மனைவி உறைப்பாகக் குழம்பு வைத்தாள். ரீவியைப் போட்டுவிட்டு மூன்று பேரும் சாப்பிட இருந்தோம். முதல் பாதி முழுக்க மகள் திரையில் தன்னைத் தேடினாள். பெரிய கமராவில் அவள் ஒரு புள்ளி. ஆனால் இடைவேளையில், தோளில் வைத்துத் திரிகிற சின்னக் கமரா ஒன்றைக் கலரிக்குக் கிட்டக் கொண்டுபோயிருக்கிறார்கள். நகரசபைப் பெரியவரைக் காட்டப் போகிற வழியில் அது பிள்ளைகளின் வரிசையில் நின்றது.

"இஞ்சருங்கோ! எங்கடை பிள்ளை! எங்கடை பிள்ளை!" மனைவி குழம்புக் கையோடு எழும்பிவிட்டாள்.

திரை நிறைய என் மகளின் முகம். அவ்வளவு கிட்டத்தில் அவளை அதுவரை ஒரு கமராவும் காட்டியதில்லை. வடிவாக இருந்தாள். அப்போது இறைச்சிக்கடைக்காரரின் மனைவி அவள் பக்கம் குனிந்து, கையை நீட்டி எதையோ காட்டி, ஏதோ கேட்டாள். சத்தம் இல்லை, வாயசைவு மட்டும். மகள் அந்த விரல் காட்டிய பக்கம் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். பிறகு இல்லை என்று தலையாட்டினாள். கமரா பெரியவரிடம் போய்விட்டது.

அந்த விரல் காட்டிய பக்கத்தில் அந்த நேரம் எழும்பி நின்று சால்வையை ஆட்டிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

"அந்த அம்மா உன்னட்டை என்ன கேட்டவ?" என்றேன்.

மகள் ரீவியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "அங்கை ஒராள் உனக்குக் கை காட்டுறார், உனக்குத் தெரிஞ்சவரோ எண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னனீ?"

"தெரியாது எண்டு சொன்னனான்."

மனைவி மெதுவாகக் கதிரையில் இருந்தாள். "ஏனம்மா அப்பிடிச் சொன்னனீ? அப்பாவெல்லே?"

"ஓம் எண்டு சொல்லியிருந்தா, அப்ப நீயும் அங்காலை போய் இரு எண்டு சொல்லியிருப்பினம்."

கணக்குப் பாடத்தில் விடை சொல்கிற மாதிரிச் சொன்னாள். வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. ஒரு கிழமையாக ரீவிக்காரனுக்கும் தளபாடக் கடைக்காரனுக்கும் வாசலில் நின்றவனுக்கும் என்று நான் சேர்த்து வைத்திருந்த கோபம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. திரும்பி, அவளுடைய சின்ன முகத்தைப் பார்த்துவிட்டு, போக இடமில்லாமல் என் நெஞ்சுக்குள்ளேயே இருந்துகொண்டது. அவள் சொன்ன காரணம் பொய் என்றால் அடித்திருப்பேன். அந்த மண்டபத்தில் என்ன நடந்தது என்று எங்கள் மூவரில் அவளுக்குத்தான் சரியாக விளங்கியிருந்தது.

"சாப்பிடு," என்றேன்.

அவள் ஒரு வாய் சோறு எடுத்துக்கொண்டு கேட்டாள். "அப்பா, மற்றப் பாதியிலயும் என்னைக் காட்டுவினமோ?"

"காட்டுவினம்," என்றேன். "பார்."